மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் உடல் தேற ஓர் இடம் அமைப்பது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர், அவற்றைச் சாப்பிட வேண்டிய வேளை, மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாள் எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் அந்த நாள் வரும்வரை நோயாளி எங்கே படுப்பார், யார் பார்த்துக்கொள்வார்கள், என்ன சாப்பிடுவார், எப்போது எழுந்து நடப்பார் என்பதெல்லாம் பெரும்பாலும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. நோயைக் குணப்படுத்துவது மருத்துவமனையின் வேலை. குணமான உடம்பைத் தேற்றுவது வேறொரு வேலை. அதற்கு அமைதியும் கவனிப்பும் உள்ள ஓர் இடம் தேவை. அந்த இடத்தை வீட்டிலேயே எப்படி அமைத்துக்கொள்வது, வீட்டில் முடியாவிட்டால் வெளியே எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் நோயாளி புதிய நோய்களுக்கு எளிதில் ஆளாகிறார் என்று எடுத்துக்காட்டினார். அந்நாட்டில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முப்பது நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படுகிறார் என்பதும், அவர்களில் பலர் முதலில் வந்த நோய்க்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காகத் திரும்புகிறார்கள் என்பதும் அவர் கவனித்தவை. கலைந்த தூக்கம், வயிறு நிறையாத சாப்பாடு, வலி, படுத்தே கிடந்ததால் வந்த தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவற்றை அவர் காரணமாகச் சொன்னார். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்ய முடியும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

ஆனால் ஓய்வு மருந்துக்கு மாற்று ஆகாது. இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியதே சென்னைதான். புறநகர் ரயிலில் போகிறவர்கள் தினமும் கேட்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே காசநோய்க்குச் சிகிச்சையாக இருந்த காலத்தின் மிச்சம். டாக்டர் சவுரி முத்து 1928-இல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவர்களுடைய வீடுகளிலும் ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான இடமும் குறைவான சாப்பாடும்தான் கிடைத்தன, ஓய்வும் குறைவு. இருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. வீட்டில் இருந்தவர்கள் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கவனித்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கிருமியைக் கொல்வது மருந்து. அந்த மருந்து வேலை செய்வதற்குச் சாதாரண வீடே போதும், பக்கத்தில் அக்கறையுள்ள ஆள் இருந்தால். இனிச் சொல்லும் எதையும் இந்த அடிப்படையை விட்டுவிடாமல் செய்யுங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

பில் கட்டும் பரபரப்பில், மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அரைமணி நேரம் கைநழுவிப் போய்விடும். அதனால் முந்தைய நாளே மருத்துவரிடமோ வார்டு செவிலியரிடமோ உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை புதியது, முன்பு சாப்பிட்டுவந்த எதை நிறுத்த வேண்டும், எத்தனை கிலோ வரை தூக்கலாம், மாடிப்படி ஏறலாமா, தையலில் தண்ணீர் படலாமா, எப்போது குளிக்கலாம், உணவில் உண்மையிலேயே விலக்க வேண்டியது என்ன, இரவில் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குப் பேசுவது என்பவை கட்டாயமாகக் கேட்க வேண்டியவை. பலர் கேட்க மறக்கும் ஒன்றும் உண்டு: மருத்துவமனையில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கொடுத்த மாத்திரைகளை வீட்டில் நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்காத நேரங்களுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு அது முடியும். எதற்கு முடியாது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அறையும் கட்டிலும்

வீட்டிலேயே சிறந்த அறை எது என்று பார்க்காமல், கழிவறைக்கு மிக அருகில் இருப்பது எது என்று பாருங்கள். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தனியாக எழுந்து நடக்கப்போகும் தூரம் அதுதான். வழியில் கிடக்கும் கால்மிதி, மேசை விசிறியின் ஒயர், செருப்புக் குவியல் எல்லாவற்றையும் அகற்றுங்கள். சிறிய இரவு விளக்கு ஒன்று எரியட்டும். கழிவறைத் தரை காய்ந்திருக்க வேண்டும். சுவரில் கைப்பிடி பொருத்துவதற்குக் கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலைதான். இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், உட்கார முடியாதவருக்கு கமோடு நாற்காலி ஒன்றை மருந்துக்கடையிலோ மருத்துவக் கருவிகள் விற்கும் கடையிலோ வாங்கலாம். பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. உள்ளே போகிறவர் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கட்டிலின் உயரம் முக்கியம். விளிம்பில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. நடுவில் குழிந்த கயிற்றுக் கட்டிலும் தரையில் விரித்த பாயும் வயிற்று அறுவைக்குப் பின் ஆகாது. தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போது ஒருவர் மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, முன்னால் குனிந்து தம் கட்டுகிறார். அந்த இழுப்பு முழுவதும் தையலில்தான் விழும். எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் முழங்கால்களை மடக்கி ஒரு பக்கமாகப் புரள வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி உடம்பை நிமிர்த்த வேண்டும். தலைசுற்றல் இருந்தால் அடங்கும்வரை ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இருமல் வந்தால் சிறிய தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும்.

கட்டிலை ஜன்னலைப் பார்த்தபடி போடுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைக்குப் பின் தங்கியிருந்தவர்களின் பழைய பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1984-இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்த 23 பேரைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு முருங்கை மரம் தெரிந்தாலும் போதும்.

படுக்கையிலேயே கிடப்பது ஓய்வு ஆகாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. அதனால் மருத்துவர் தடுக்காத வரை, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடவும், ஒரு நாளில் சில முறை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து வரவும் பழக்குங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, இடுப்பு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

தூக்கமும் பார்க்க வருபவர்களும்

மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தவர் அங்கே சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். விளக்கு, கருவிகளின் ஒலி, பக்கத்துப் படுக்கையின் முனகல், விடியற்காலையில் இரத்தம் எடுக்க வருபவர் என்று எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டாடிவிடும். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அந்தக் கடனை அடைக்கும் வாரம். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடத்தில் தொலைக்காட்சி ஓடக் கூடாது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

இதற்கு மிகப் பெரிய இடையூறு நம் அன்புதான். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருப்பது நம் வழக்கத்தில் பெரிய குற்றம். பழமும் ஹார்லிக்ஸுமாக வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் வந்தவர் கட்டிலிலேயே உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, இதே நோய் வந்து போய்ச் சேர்ந்த தன் சித்தப்பாவின் கதையையும் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது நோயாளி துவண்டுபோகிறார். அடுத்தவர் வந்ததும் அதே கதையை மறுபடி சொல்ல வேண்டும். இதைத் தடுக்க வேண்டியவர் நோயாளி அல்ல. வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, "மாமா, டாக்டர் சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறு மணி வரைக்கும்தான் பேசலாம்னு சொல்லியிருக்கார், நீங்க அப்ப வந்தா அவரும் நல்லா பேசுவார்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். யாருக்கும் மனம் நோகாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் இருக்கட்டும். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள், குழந்தைகள் உட்பட, குணமான பிறகு வரட்டும். உதவி செய்ய விரும்பும் உறவினரிடம் பழத்துக்குப் பதிலாக ஒரு வேளைச் சமையலையோ, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதையோ தயங்காமல் கேளுங்கள்.

சாப்பாடு

பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. பருப்பும் முட்டையும் மீனும் சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் இருக்கிறது, அது சரியல்ல. சீழுக்குக் காரணம் கிருமி. புண் ஆறுவதற்கு வேண்டிய புரதமே பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் தயிரிலும்தான் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் இதைப் போன்ற தவறுதான். பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கத்தைவிட அதிகமாகவே தண்ணீர் வேண்டும். பத்தியச் சமையலில் நல்ல பகுதியும் இருக்கிறது: காரமும் எண்ணெயும் குறைந்த, சூடான, எளிதில் செரிக்கும் உணவைச் சிறு சிறு அளவாகக் கொடுப்பது. குழைந்த சாதம், பாசிப்பருப்பு, இட்லி, ரசம், வேகவைத்த காய், முட்டை ஆகியவற்றை ஒரு நாளில் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுத்தால், பசியில்லை என்று சொல்பவரும் சாப்பிடுவார்.

எல்லோருக்கும் ஒரே சாப்பாடு பொருந்தாது. சர்க்கரை நோயாளிக்கு வெறும் அரிசிக் கஞ்சி சர்க்கரையை ஏற்றிவிடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கு இளநீரும் பழச்சாறும் ஆபத்தாகலாம். அவருக்குப் புரதத்தின் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவர் குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. மலச்சிக்கல் வந்தால் முக்கிச் சிரமப்படவிடாமல் முன்கூட்டியே கேட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண் நோயாளியாகும்போது

இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் சமூகத்தில் பெண்ணுக்கென்று ஓய்வு இடம் ஒன்று உண்டு: பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது. வேளாவேளைக்குச் சாப்பாடு, குழந்தையை வாங்கிக்கொள்ள ஆள், வேலை சொல்லாத வீடு என்று அதில் உள்ளவை எல்லாம் எந்த நோயாளிக்கும் தேவையானவை. ஆனால் அதே பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை அகற்றும்போது தாய்வீடு இருப்பதில்லை. தாயே மகளின் கவனிப்பில் இருக்கும் வயது அது. கணவர் அறுவை செய்துகொண்டால் மனைவி கட்டிலருகே இருக்கிறாள். மனைவி அறுவை செய்துகொண்டால் பத்தாவது நாள் அடுப்படியில் நிற்கிறாள்; யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் குக்கர் எங்கே, புளி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்ததும் தானே எழுந்து போய்விடுகிறாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர்க் குடத்தை இழுக்கும் பெண்ணை நம் தெருக்களில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

கர்ப்பப்பை அறுவைக்குப் பின் பொதுவாக ஆறு வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி நிறைந்த வாளி, மாவு நிரம்பிய கிரைண்டர் கல், இடுப்பில் ஏறும் பேரக்குழந்தை எல்லாமே கனம்தான். இதை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் அறுவைக்கு முன்பே வேலைகளைப் பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலைச் சமையல் யார், தண்ணீர் யார், துணி யார், இரவு மருந்து எடுத்துக் கொடுப்பவர் யார் என்று. மளிகைச் சாமான் எங்கே இருக்கிறது என்பதை அவள் மருத்துவமனைக்குப் போகும் முன்பே கணவரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். காசு கொடுத்து ஆள் வைக்க முடிந்தால் ஆறு வாரத்துக்கு வையுங்கள். முடியாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தெருக்கோடி மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய கட்டிலைச் சமையலறைக்குள் நடப்பது தெரியாத இடத்தில் போடுவது நல்லது; பால் பொங்கும் சத்தம் கேட்டால் எந்தத் தாயும் படுத்திருக்க மாட்டாள்.

கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரே ஆள் இரவு பகல் பார்த்தால் இரண்டாவது வாரத்தில் அவரும் படுத்துவிடுவார். வாரத்தில் ஒரு முழு இரவாவது அவர் வேறு அறையில் தடையின்றித் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணக் கவனிப்பும் தரப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

வீடு சரிப்படாதபோது

தனியாக வாழ்கிறவர், மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கிறவர், வீட்டில் சண்டை ஓயாதவர், மனநோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் ஆகியோருக்கு வெளியே ஓர் இடம் தேவைப்படலாம். மறுவாழ்வு மையங்கள், இயற்கை மருத்துவ நிலையங்கள், ஆசிரமங்கள், கோயில், தர்கா என்று பலவகை இடங்கள் உள்ளன. இவற்றை ஒரேயடியாகப் புறந்தள்ளுவதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸின் மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே தனிச் சடங்கோ மருந்தோ இல்லை. உறவினர் துணையோடு தங்கி, கோயிலின் சிறு வேலைகளில் பங்கெடுத்து, அச்சமில்லாத சூழலில் இருந்தார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பீடு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதால், மாத்திரையை நிறுத்துவதற்கு இதை யாரும் ஆதாரமாக்கக் கூடாது. கனிவான சூழலுக்கும் ஒரு பலம் உண்டு என்பதற்கு மட்டும் இது சாட்சி.

மறுபக்கத்தில், மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்துவரும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களையும் குடும்பத்தார் குணமாகட்டும் என்றுதான் அங்கே விட்டிருந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்; காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

முடிவு செய்யும் முன் சொல்லாமல் ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டில் என்ன இருக்கிறது, ஊட்ட வேண்டியவருக்கு யார் ஊட்டுகிறார்கள், அழைப்பவருக்கு எத்தனை நேரத்தில் ஆள் வருகிறது, கழிவறை எப்படி இருக்கிறது, கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே தங்கியிருப்பவரிடம் தனியாகப் பேச அனுமதிக்கிறார்களா, நீங்கள் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா, நோயாளி விரும்பும்போது வீட்டுக்குப் பேச முடியுமா, அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்றெல்லாம் கேளுங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். "இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் ஒரு நாளும் விடாதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மனநல மருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சித்த மருந்தோ மூலிகையோ எடுத்துக்கொள்ள விரும்பினால், தகுதி பெற்ற மருத்துவரிடம் பெற்று, இரு மருத்துவருக்கும் மற்றவரின் சீட்டைக் காட்டுங்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, குளிரோடு காய்ச்சல், புண்ணிலிருந்து சீழோ நிற்காத இரத்தமோ வருவது, சிறுநீர் வெகுநேரம் வராமல் இருப்பது, முகம் கோணுவது, பேச்சு குழறுவது, இதுவரை தெளிவாக இருந்தவர் ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். மனம் சோர்ந்து, இனி வாழ்ந்து என்ன என்று ஒருவர் பேசத் தொடங்கினால் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசி உதவி கேட்கலாம். இந்த எண்களையும், சிகிச்சை அளித்த மருத்துவமனையின் எண்ணையும், தினசரி மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அன்று வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் தேடாமல் எடுத்துப் பேச முடிய வேண்டும்.